சம்பந்தி வீட்டுப் பூங்கார்

பாகூர்,
20-1-1956

மதிப்பிற்குரிய சம்பந்தி ஜானகிராமன் ஐயா அவர்களுக்கு,

பாகூர் பாவாடை வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடுகளும் சுகம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை கிருஷ்ணசாமி, என் மகள் தனக்கொடி எல்லோரும் சுகமாயிருக்க மூலநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு ஒருவரும் வரவில்லை. உங்களுக்கென்று வைத்த கரும்பு காய்ந்து கிடக்கிறது. நான் ஒற்றை ஆள் எவ்வளவு கடிப்பேன், வாயில் பல்லும் பாதிதான். பட்டணத்துக்காரர்களுக்கு ஆயிரம் ஜோலி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தனக்கொடி முழுகாமல் இருக்கிறாள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். படித்ததும் தலைகால் புரியவில்லை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் பார்ப்பதுதான் முறை. ஆனால் அவள் அம்மா அஞ்சலாட்சி போன பிறகு இந்த வீட்டில் பெண்பிள்ளை துணை ஏது? பெரிய ஆஸ்பத்திரி கிட்டத்தில் இருக்கிறது, பிரசவம் புதுச்சேரியிலேயே ஆகட்டும் என்று சம்பந்தியம்மாள் சொல்லியனுப்பியதில் எனக்கு வயிறு குளிர்ந்தது.

இந்தக் கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரன் மூன்று மூட்டை நெல் இறக்குவான். தப்பாக எண்ணக்கூடாது. உங்கள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. இது பூங்கார், சிவப்பு நெல். ஏரிக்கரை ஓரத் துண்டு நிலத்தில் வீட்டுப் பெண்டுகளுக்கென்றே போடுவது, விற்பதில்லை. வயிற்றில் பிள்ளை தங்கியது முதல் அது பால் மறக்கிற வரைக்கும் அவர்களுக்கு இந்தச் சோறுதான். அஞ்சலாட்சி இதைத் தின்றுதான் தனக்கொடியைப் பெற்றாள், பெற்ற மூன்றாம் மாதமே நடவுக்கு இறங்கினாள்.

ஊரில் எல்லோரும் பிளாக் ஆபீஸ்காரர்கள் கொடுக்கிற புது விதைக்கு மாறிவிட்டார்கள். அது கூடுதலாகக் காணுகிறது, பொய் சொல்வானேன். பூங்கார் இப்போது என் ஒருவனிடம்தான். "இந்த செவப்பு நெல்ல கட்டிக்கினு ஏன் அழுவுற" என்று பக்கத்து வயல் ராமலிங்கம் கேலி பேசுகிறான். பேசட்டும்.

தனக்கொடிக்கு ஒரு வேளைகூடத் தவறாமல் இதைப் போடச் சொல்லுங்கள். கேட்பது இது ஒன்றுதான்.

தங்கள்,
பாவாடை


புதுச்சேரி,
28-1-1956

அன்புள்ள சம்பந்தி பாவாடை அவர்களுக்கு,

ஜானகிராமன் எழுதுவது. உபய க்ஷேமம். கடிதமும் நெல்லும் வந்து சேர்ந்தன.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்டில் பதிவேடு எழுதும் கிரெப்பியே உத்தியோகம் பார்த்து, கௌரவமாக ரெத்ரேத் பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். என் வாசலில் மூட்டை இறங்கியதைத் தெருவே பார்த்தது. "மருமக வீட்லேர்ந்து படி அளக்கறாங்களா" என்று எதிர்வீட்டு அம்மாள் என் சம்சாரம் ராஜாம்பாளிடம் கேட்டாளாம். ராஜாம்பாள் அன்று முழுவதும் வாசல் பக்கமே வரவில்லை.

இருந்தாலும் சம்பந்தி ஆசையாக அனுப்பியதைத் திருப்புவது மனுஷத்தனம் இல்லை. உங்கள் நெல்லை அரிசியாக்கி, தனியாக டின்னில் போட்டு வைத்து, தனக்கொடிக்கு மட்டும் தனி உலையில் வடிக்கிறாள் ராஜாம்பாள். எங்கள் வீட்டுப் பக்குவத்தில் உங்கள் நெல் உங்களுக்கே அடையாளம் தெரியாது. நாங்கள் சாப்பிடும் அரிசிக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவில்லை. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

மருமகளுக்குப் பால் வேண்டும் என்று ஒரு பசு வாங்கியிருக்கிறேன். எலும்பும் தோலுமாக வந்திருக்கிறது. "மாட்டைப் பார்த்து வாங்கத் தெரியாத மனுஷன்" என்று எனக்குத் தினம் பூசை நடக்கிறது.

இப்படிக்கு,
ஜானகிராமன்


புதுச்சேரி,
19-6-1956

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று விடியற்காலை தனக்கொடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தைக்கு உங்கள் நெற்றி, எங்கள் நிறம். ராஜாம்பாள் தெரு முழுவதும் கற்கண்டு கொடுத்துவிட்டாள்.

தனக்கொடிக்குக் கொஞ்சம் கால் வீக்கம் இருக்கிறது. பாதம் மதமதவென்று மரத்திருக்கிறதாம், நாலடி நடந்தால் மார் படபடக்கிறதாம். பிள்ளை பெற்ற உடம்பு, தண்ணீர் வற்ற வேண்டும் என்கிறாள் மருத்துவச்சி. அதனால் பத்தியம் கண்டிப்பாக நடக்கிறது. பருப்பு வாய்வு, காய் குளிர்ச்சி, இரண்டும் கிடையாது. உங்கள் அரிசிச் சோறும் மிளகு ரசமும் மட்டும். ராஜாம்பாள் சுத்தத்தில் எமன் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிற வரை அரிசியைக் கழுவிவிட்டுத்தான் உலையில் போடுகிறாள். கஞ்சியையும் சொட்டு விடாமல் வடித்துவிடுகிறாள்.

அந்தப் பசுவை இப்போது நீங்கள் பார்க்க வேண்டும். உடம்பு மினுமினுவென்று ஆகிவிட்டது. இப்போது என்னை யாரும் திட்டுவதில்லை.

அவசியம் வந்து பேரனைப் பாருங்கள்.

ஜானகிராமன்


பாகூர்,
6-7-1956

சம்பந்தி ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து வந்து இன்னும் தரையில் கால் பாவவில்லை. பேரன் என் விரலைப் பிடித்த பிடி இன்னும் இருக்கிறது. எனக்கு வாழையிலை போட்டு மல்லிகைப்பூவாட்டம் வெள்ளைச்சோறு போட்டீர்கள். இரண்டாம் தரம் வேண்டாம் என்றால் சம்பந்தியம்மாள் கேட்டால்தானே? எனக்கு எதற்கு அந்த மரியாதையெல்லாம். "இது ஒங்களுக்கு. ஒங்க பொண்ணுக்கு ஒங்க நெல்லுதான், உள்ள தனியா வடிச்சிருக்கேன்" என்று அவர்கள் சொன்னதுதான் எனக்கு விருந்து.

பிள்ளை பெற்ற அறைக்குள் ஆம்பிளை போய் நிற்கக்கூடாது என்று வாசற்படியிலிருந்தே மகளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருக்கிறது. சிரிக்கிறாள், ஆனாலும் மூச்சு வாங்குகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு மூட்டை அனுப்புகிறேன். சோற்றைக் கூடப் போடச் சொல்லுங்கள். பூங்கார் உள்ளே போகப் போக உடம்பு தானே தேறும்.

பாவாடை


புதுச்சேரி,
22-9-1956

சம்பந்தி அவர்களுக்கு,

தந்தி கண்டு நீங்கள் வந்தீர்கள். அன்று எதுவும் பேச முடியவில்லை. நடந்ததை உங்களுக்குச் சொல்வது என் கடமை என்பதால் எழுதுகிறேன்.

குழந்தை நன்றாகத்தான் இருந்தான். கொழுகொழுவென்று இருந்தான். போன வாரம் பால் குடிக்க மறுத்தான். பிறகு அழுதான், ஆனால் அழுகைக்குச் சத்தம் வரவில்லை. வாய் அழுகிறது, முகம் சிவக்கிறது, குரல் மட்டும் இல்லை. தொண்டைக் கட்டு என்று வசம்பு உரைத்துத் தடவினாள் ராஜாம்பாள். மறுநாள் உடம்பு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ச் சேருவதற்குள் கிருஷ்ணசாமியின் தோளிலேயே முடிந்துவிட்டது.

தனக்கொடி தூளியை அவிழ்க்க விடமாட்டேன் என்கிறாள். ராஜாம்பாளை என்னால் அடக்க முடியவில்லை. "அந்தப் பட்டிக்காட்டு நெல்லுதான் பால விஷமாக்கிடுச்சி. வேற என்னத்த தின்னா அவ" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் தனக்கொடி வேறெதுவும் தின்னவில்லை என்பது உண்மைதான். நீங்கள் கேட்டுக்கொண்டபடியே ஒரு வேளைகூடத் தவறவில்லை.

மீதியிருந்த உங்கள் அரிசியைப் போடுவதை நிறுத்திவிட்டோம்.

ஜானகிராமன்


பாகூர்,
30-9-1956

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

பத்தாயத்தில் இருந்த பூங்காரை அள்ளி வெளியே போட்டேன். விதைநெல் பானையையும் விடவில்லை. எல்லாவற்றையும் பெரிய கொப்பரையில் கொட்டி அவித்து ஊர் மாட்டுக்குப் போட்டேன். சும்மா கொட்டினால் எங்காவது ஒன்று முளைக்கும். அவித்தால் முளைக்காது. அதற்காகத்தான் அவித்தேன். "வெதைய கூடவா அவிப்பாங்க, பைத்தியமா உனக்கு" என்று கேலி பேசின ராமலிங்கமே வந்து கையைப் பிடித்தான். நான் விடவில்லை.

துண்டு நிலத்தில் பிளாக் ஆபீஸ் விதை போட்டாயிற்று.

சம்பந்தியம்மாள் சொன்னதில் தப்பில்லை. அவர்களிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாவாடை


புதுச்சேரி,
5-1-1958

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லை. நீங்களும் வருவதில்லை. நல்ல சேதி இருப்பதால் நானே தொடங்குகிறேன். தனக்கொடி மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம்.

ஆனால் அந்தக் கால் மரப்பு திரும்ப வந்துவிட்டது. போன வாரம் அம்மிக்குழவி உருண்டு காலில் இடித்து நகம் பெயர்ந்தது. தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. பயந்துபோய்க் கிருஷ்ணசாமி அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். சைகோனில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு இப்போது ஊர் திரும்பியிருப்பவர். நானும் போயிருந்தேன். பெரிய படிப்பாளி என்கிறார்கள். எனக்கென்னவோ மனுஷர் சரியாகப் படவில்லை.

மருந்து ஒன்றும் பெரிதாக எழுதவில்லை. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் என்ன குறை? முதல்தர அரிசி, மில்லில் கொடுத்து இரண்டு தரம் தீட்டி வாங்குவது என்று சொன்னேன். அப்படியானால் தவிடு எங்கே போகிறது என்று கேட்டார். தவிடு மாட்டுக்கு, கழுநீரும் கஞ்சியும் மாட்டுக்கு, வேறெங்கே போகும் என்றேன். "அப்ப ஒங்க மாடு நல்லாருக்கணுமே" என்றார். இது என்ன பேச்சு? இனிமேல் தீட்டாத அரிசியைக் கையால் குத்திப் போடு, தவிட்டையும் கஞ்சியையும் அவளுக்கே கொடு என்கிறார். மாட்டுக்கு வைப்பதை மருமகளுக்கு வைக்கச் சொல்லும் வைத்தியத்தை இப்போதுதான் கேட்கிறேன். முதல் குழந்தை எப்படிப் போனது என்று விசாரித்தார். குரல் போனதைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்; தவிட்டுச் சத்து தாய்க்கு இல்லாவிட்டால் பாலிலும் இராது, சைகோனிலும் இப்படிக் குரல் போன பிள்ளைகளைப் பார்த்தேன் என்றார்.

நாங்கள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள். உங்கள் நெல்லையே எடுத்துக்கொள்வோம். செக்கச்செவேல் என்று வந்தது. கர்ப்பிணிக்கு முரட்டு அரிசி ஆகாது என்று மில்லுக்கு அனுப்பி, சிவப்பு போகிற வரைக்கும் தீட்டச் சொல்லி, பச்சரிசியாகப் பளிச்சென்று மாற்றித்தானே அவளுக்குப் போட்டோம்? அந்தத் தவிட்டைத் தின்றுதான் பசுவே தேறியது.

போகட்டும். சிவப்பு நெல் கிடைத்தால் அதுதான் விசேஷம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். ராஜாம்பாளுக்கு இஷ்டமில்லை. கிருஷ்ணசாமி பிடிவாதமாக நிற்கிறான். உங்களிடம் அந்தப் பூங்கார் இருந்தால் ஒரு மூட்டை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஜானகிராமன்


பாகூர்,
13-1-1958

ஜானகிராமன் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் படித்தேன். அதே எழுத்துதான் இருந்தது.

உமி போகக் குத்தினால் போதும், சிவப்புத் தோல் அரிசியிலேயே நிற்க வேண்டும். எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்ததை யாராவது எழுதுவார்களா? அதனால்தான் எழுதவில்லை. உங்கள் ஊரில் மில்லுக்குப் போகாமல் நெல் அரிசியாகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கௌரவமாகக் கடிதம் எழுதி எழுதியே நாம் இரண்டு பேரும் ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம்.

என் பூங்காரை உங்கள் பசு தின்றிருக்கிறது ஐயா. என் மகள் தின்றது சக்கை. இன்னும் நிறையப் போடுங்கள் என்று நான் வேறு எழுதினேன்.

ஒரு மூட்டை அனுப்பச் சொல்கிறீர்கள். நான் அவித்ததை எழுதியிருந்தேனே, மறந்துவிட்டீர்களா? ஒரு பாவமும் செய்யாத நெல்லைக் கொலைகாரன் என்று சொல்லிக் கொப்பரையில் போட்டவன் நான். உங்கள் கடிதம் வந்த மறுநாளிலிருந்து அலைகிறேன். குருவிநத்தம் போனேன், கரையாம்புத்தூர் போனேன், மடுகரையிலும் சேலியமேட்டிலும் கேட்டுவிட்டேன். எல்லா வயலிலும் ஒரே புது நெல். மடுகரையில் கன்னியம்மாள் என்று ஒரு கிழவி, "போன வருசம் வரைக்கும் வெச்சிருந்தேன்யா, ஒருத்தரும் கேக்கலன்னு பொங்கிட்டேன்" என்றாள். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெண்ணைக் கொடுத்தவன் என்று குனிந்து எழுதியதெல்லாம் போதும். பொங்கல் கழிந்த மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். தனக்கொடியை அனுப்பிவிடுங்கள். பூங்கார் இல்லாவிட்டாலும் இருக்கிற நெல்லைப் புழுக்கி என் கையால் குத்திப் போடுவேன். அந்த டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வாசலில் நின்று சண்டை போட வைக்காதீர்கள்.

பாவாடை


புதுச்சேரி,
27-7-1958

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் வண்டியோடு வந்து நின்ற அன்று நான் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. சண்டைக்குப் பயந்து அல்ல. உங்கள் கடிதத்தை அதற்கு முந்தின நாள்தான் ராஜாம்பாளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

கிருஷ்ணசாமி நேற்று பாகூரிலிருந்து வந்து சேதி சொன்னான். பெண் குழந்தை. நிறம், எடை ஒன்றும் அவன் சொல்லவில்லை. "நல்லா கத்துதுப்பா" என்றுதான் முதலில் சொன்னான். ராஜாம்பாள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதோடு பசுவை ஓட்டி அனுப்புகிறேன். இங்கே வந்தபின் இரண்டு கன்று போட்டுவிட்டது, இரண்டும் நன்றாக இருக்கின்றன. இளைய கன்றும் கூட வருகிறது. ஜனவரியிலிருந்து ராஜாம்பாள் அதைக் கறக்க உட்காருவதில்லை. அதன் முகத்தில் விழிக்க முடியவில்லை என்கிறாள். விற்கவும் மனம் ஒப்பவில்லை. உங்கள் பூங்காரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதென்றால் இதன் உடம்பில்தான் இருக்கிறது. தனக்கொடிக்குச் சேர வேண்டியது. பாலாகவாவது சேரட்டும்.

வந்து குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்க எனக்கு வாயில்லை. நீங்கள் வேண்டாம் என்றாலும் நியாயம்தான்.

ஜானகிராமன்


பாகூர்,
4-8-1958

சம்பந்தி ஐயா அவர்களுக்குப் பாவாடை வணக்கம்.

பசு வந்தது. கட்டுத்தறியில் கட்டியதும் ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். அது அடிக்கிற கை என்று அறியாமல் நக்கியது. அது என்ன செய்யும், வைத்ததைத் தின்றது. நானும்தான் கொப்பரை நிறைய அவித்து வைத்தேன், ஊர் மாடெல்லாம் தின்றுவிட்டுப் போயின.

நீயாவது அப்போதே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று தனக்கொடியைக் கேட்டேன். "அத்த அவ்ளோ ஆசையா வடிச்சிப் போட்டாங்கப்பா. ஒங்கப்பா நெல்லுதான், வெள்ளையாக்கிட்டேன் பாருன்னு சிரிச்சாங்க. எப்பிடி வேணான்னு சொல்லுவேன்?" என்றாள். அவளை அவர்கள் ஒரு நாளும் பட்டினி போடவில்லை, அதை நான் மறக்க மாட்டேன்.

உடம்பு தேறிவிட்டது. பழைய பூங்கார் இல்லை, புது நெல்தான். கைக்குத்தலாகப் போடுகிறேன், கஞ்சியைக் கீழே விடுவதில்லை. நேற்றுக் கொல்லையில் நெருஞ்சி முள் தைத்து "அப்பா" என்று அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டால், "வலிக்குதுப்பா" என்று சிரிக்கிறாள். முள்ளைப் பிடுங்கிவிட்டு வந்து நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

பூங்காருக்கு இன்னும் ஆள் விட்டுத் தேடுகிறேன். கடலூர்ப் பக்கம்கூடச் சொல்லியனுப்பியிருக்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. இந்தப் பேத்தி பெரியவளாகி முழுகாமல் இருக்கும்போது அவளுக்கு என்ன போடுவார்கள்? நீங்கள் தெரியாமல் தீட்டினீர்கள். நான் என் நெல்லை அறிந்தவன், நான்தான் அதை நம்பவில்லை.

பால் மறக்கிற வரைக்கும் தனக்கொடியை அனுப்ப மாட்டேன். இதில் மாப்பிள்ளைக்கும் சம்மதம். உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆனால் நீங்கள் வாயில்லை என்று எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை அழுதால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கிறது. ராமலிங்கம் அங்கிருந்தே "என்னாய்யா ஒம் பேத்தி ஊரக் கூட்டறா" என்று கேட்கிறான். நீங்கள் வந்து உங்கள் காதால் கேட்க வேண்டும். ஆவணி பிறந்ததும் பேர் வைக்கிறோம். சம்பந்தியம்மாளை அவசியம் கூட்டி வாருங்கள், நாலு நாள் தங்குகிற மாதிரி வரச் சொல்லுங்கள். தனக்கொடி இன்னும் உலக்கை பிடிக்கக் கூடாது, எனக்கும் தனியாகக் குத்தித் தோள் விட்டுப்போகிறது. வீட்டில் உலக்கை இரண்டு இருக்கிறது.

பாவாடை